முதலுதவி மேசையில் அந்த மாத்திரை ஏன் கிடைக்காது? ஒற்றைத் தலைவலி உள்ள பக்தர்களுக்கும் அவங்க வீட்டாருக்கும்



ஆடித் திருவிழா வேலைகளைப் பிரிச்சுக்கொள்ள நம்ம கோயில் தொண்டர் குழு கூடினப்போ ஒரு முடிவு எடுத்தோம். முதலுதவி மேசையில பிளாஸ்டர், பஞ்சு, குளுக்கோஸ் தண்ணி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாம் வழக்கம்போல இருக்கும். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்கக்கூடிய எந்த மாத்திரையும் அங்கே கொடுக்கப்படாது. ஒருத்தர் பையில இருக்கிறதைக் கேட்டு வாங்கி இன்னொருத்தர் கையில கொடுக்கும் வேலையையும் தொண்டர்கள் செய்ய மாட்டோம். முக்கியமா, எல்லாரும் "அந்த மைக்ரேன் மாத்திரை"னு சொல்ற மாத்திரை.

இதைக் கேட்டு சிலருக்கு வருத்தம். "கோயில்ல ஒருத்தருக்கு ஒருத்தர் உதவாம வேற எங்க உதவுறது? ஒரே ஒரு மாத்திரை தானே லா" என்று ஒரு அண்ணன் கேட்டார். கேள்வியில தப்பில்லை. நம்ம கோயில்ல சோறு பகிர்றோம், தண்ணி பகிர்றோம், குடை பகிர்றோம், மோட்டார் சைக்கிள் சாவியைக்கூட பகிர்றோம். மாத்திரையில மட்டும் ஏன் கையை மூடிக்கிறோம்? மேசை முன்னால நின்னுக்கிட்டு ரெண்டு வரியில இதுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனாலதான் இந்த நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

முதல்ல ஒன்னு தெளிவா சொல்லிடுறோம். ஒற்றைத் தலைவலி சாக்குப்போக்கு இல்லை. "வேலைக்குப் பயந்து படுத்துட்டா", "கண்ணு பட்டிருக்கு", "பனடோல் போட்டா சரியாயிடும்" என்றெல்லாம் பேசுறது நம்ம பக்கம் சகஜம். உலகத்துல ஏறக்குறைய ஏழு பேருல ஒருத்தருக்கு இந்த நோய் இருக்கு. ஆண்களைவிட பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, சத்தம் தாங்காது, வாசனை பட்டாலே குமட்டும். படி ஏறினாலே வலி கூடும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரைக்கும் ஆளைப் படுக்க வைக்கும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணுக்கு முன்னால வளைஞ்சு நெளிஞ்ச வெளிச்சக் கோடுகள் தெரியும், விரல் மரத்துப்போகும்.

இப்போ ஒரு திருவிழா நாளை நினைச்சுப் பாருங்க. விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து கோலம், பூ கட்டுதல், மடப்பள்ளி வேலை. விரதம், அதனால வயிறு காலி. கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணியும் குடிக்கிறதில்லை. பத்து மணிக்கே செமினி வெயில் தகரக் கூரையில இறங்குது. பக்கத்துல உறுமி மேளம், ஒலிபெருக்கி, சாம்பிராணி, கற்பூரம், தலை நிறைய மல்லிகை. மைக்ரேன் உள்ளவங்க மூளைக்கு மாற்றம் ஆகாது. சாப்பாடு தவறினாலும் தூக்கம் தவறினாலும் அது எதிர்ப்புக் காட்டும். தைப்பூசத்தை ஒட்டி ராத்திரியில ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளி ரதத்தோட பத்துமலைக்கு நடந்து போறவங்களுக்கு இது நல்லா தெரியும். ராத்திரி முழுக்க நடந்துட்டு, 272 படி ஏறுற நேரத்துல தலை பிளக்கும்.

நம்ம கண்ணுல படாத வேதனை ஒன்னும் இருக்கு. பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு ரெண்டு நாள் முன்னால தொடங்கி முதல் மூணு நாளுக்குள்ள வர்ற தலைவலிதான் மிகக் கடுமையானது, நீளமானது. அந்த நாட்கள்ல அவங்க கோயிலுக்கு வர்றதில்லை. "அக்கா, இன்னிக்கு வர முடியல" என்று புலனக் குழுவுல ஒரு வரி மட்டும் வரும். நாங்களும் "பரவாயில்லை" என்று ஒரு கைகூப்பு அனுப்பிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். வீட்டு அறையில திரையை மூடிக்கிட்டு, வாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவங்க படுத்திருக்கிறது யாருக்கும் தெரியாது. அதனால இந்தப் பதிவு கோயிலுக்கு வர்றவங்களுக்கு மட்டும் இல்லை, வர முடியாம படுத்திருக்கிறவங்களுக்கும்தான்.

இனி அந்த மாத்திரையைப் பத்திப் பேசலாம். இந்த மருந்து வகைக்குப் பேர் ட்ரிப்டான். நிறைய பேருக்குத் தெரிஞ்சது சுமாட்ரிப்டான். இது வந்த கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, ஏன் இவ்வளவு கவனம் வேணும்னு புரியும்.

1960-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜேம்ஸ் லான்ஸ் என்ற நரம்பு மருத்துவரும் அவர் குழுவும் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. மைக்ரேன் வரும்போது ரத்தத்துல செரோட்டோனின் என்ற பொருளின் அளவு குறையுது. அந்தப் பொருளை ஊசியா ஏத்தினா வலி குறையுது. ஆனால் செரோட்டோனின் உடம்பு பூராவும் வேலை செய்யும், அதை அப்படியே மருந்தா கொடுக்க முடியாது. ஆயிரம் பூட்டைத் திறக்கிற சாவி அது. நமக்கு வேண்டியது தலையில இருக்கிற பூட்டை மட்டும் திறக்கிற சாவி. இங்கிலாந்தில் கிளாக்சோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரி என்பவரின் குழு 1970-களில் அந்தத் தேடலைத் தொடங்கியது. அதன் பலன்தான் சுமாட்ரிப்டான். 1991-ல் முதல் தடவையா விற்பனைக்கு வந்தது. பிறகு சோல்மிட்ரிப்டான், ரிசாட்ரிப்டான், எலெட்ரிப்டான் என்று ஒவ்வொன்னா வந்து, இன்னிக்கு மொத்தம் ஏழு ட்ரிப்டான் இருக்கு.

இது பனடோல் மாதிரி பொதுவான வலி மாத்திரை இல்லை. மைக்ரேன் தாக்கும்போது, முகத்துக்கும் தலைக்கும் உணர்வு கொடுக்கிற முக்கிளை நரம்பு சில பொருள்களைக் கசியவிடுது. மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுல வலியும் வீக்கமும் கூடுது. ட்ரிப்டான் அந்தக் கசிவை அடக்குது, அங்கே இருக்கிற ரத்தக் குழாய்களையும் சுருக்குது. தாக்குதலை நடுவழியில நிறுத்துறதுதான் இதோட வேலை. சைனஸ் வலிக்கு, கழுத்துப் பிடிப்புக்கு, வெயில்ல நின்ன சாதாரண தலைவலிக்கு இது மருந்து இல்லை. "நாளைக்குத் தீமிதி, வலி வரக்கூடாது" என்று முன்கூட்டியே போட்டுக்கிறதும் முறை இல்லை.

இங்கேதான் கவனிக்கணும். தலை பூட்டுக்குன்னு செஞ்ச சாவிதான். ஆனால் அதே மாதிரி பூட்டு இதயத்து ரத்தக் குழாயிலும் கொஞ்சம் இருக்கு. நல்ல இதயம் உள்ளவருக்கு அந்தச் சுருக்கம் பெரிசா தெரியாது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு, அந்தக் கொஞ்ச சுருக்கமே ஆபத்தாகலாம்.

போன வருஷம் ஒரு அபிஷேக நாள்ல மேசைக்கு ஒரு ஐயா வந்தார். வயசு அறுபது இருக்கும். தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். பக்கத்துல நின்ன ஒரு அக்காவுக்கு வருஷக்கணக்கா மைக்ரேன். டாக்டர் எழுதிக் கொடுத்த ட்ரிப்டான் எப்பவும் அவங்க கைப்பையில இருக்கும். அவங்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து மாதிரி. ஒரு மணி நேரத்துல எழுந்து மறுபடி வேலைக்கு வந்துடுவாங்க, நாங்களே பார்த்திருக்கோம். பெரிய மனசோட அட்டையைக் கிழிச்சு, "இந்தாங்க ஐயா, எனக்கு உடனே கேட்கும்" என்று நீட்டினாங்க. எங்க குழுவுல தாதி வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி, கை குறுக்க வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, நெஞ்சுக்கு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" ஐயா சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காம். காலையில ரத்த அழுத்த மாத்திரையும் போடலை, விரதம்னு விட்டுட்டாராம். கருவியை வச்சுப் பார்த்தா மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு வந்தது மைக்ரேனே இல்லை. மகனுக்குப் போன் பண்ணி, காஜாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சோம். இப்போ நல்லா இருக்கார், வெள்ளிக்கிழமை தவறாம வர்றார்.

அந்த அக்கா அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். கொடுக்கணும்னு நினைச்ச மனசுல எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவங்களுக்கு மருந்தா இருக்கிறது அவருக்கு விஷமா ஆகியிருக்கலாம். அண்ணன் கேட்ட "ஒரே ஒரு மாத்திரை" கேள்விக்கு எங்க பதில் இதுதான்.

நம்ம நாட்டுல ட்ரிப்டான் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குக் கீழே வர்ற மருந்து. டாக்டர் சீட்டு வேணும்னு சட்டம் சொல்றது தொல்லை கொடுக்கிறதுக்கு இல்லை. சீட்டு எழுதுறதுக்கு முன்னால டாக்டர் கேட்கிற கேள்விகளுக்காகத்தான். அந்தக் கேள்விகளை இங்கே எழுதுறோம், உங்க வீட்டுல யாருக்கு எது பொருந்தும்னு பாருங்க.

மாரடைப்பு வந்தவங்க, நெஞ்சு வலி உள்ளவங்க, இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவங்க, பக்கவாதமோ சின்ன பக்கவாதமோ வந்தவங்க, காலுக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு உள்ளவங்க, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவங்க, இவங்களுக்கு ட்ரிப்டான் கூடாது. மைக்ரேன் வரும்போது ஒரு பக்கம் கை கால் செயலிழந்து போற வகையினருக்கும் கொடுக்க மாட்டாங்க. நீரிழிவு, கொழுப்பு, புகைப்பழக்கம், குடும்பத்துல சின்ன வயசு மாரடைப்பு, இதெல்லாம் சேர்ந்து இருந்தா முதல் மாத்திரைக்கு முன்னாலேயே இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லலாம். நம்ம சமூகத்துல இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சகஜம்னு அன்னதான வரிசையில நிக்கிற எல்லாருக்கும் தெரியும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுக்கிறவங்களும் தாங்களா முடிவு பண்ணாம டாக்டரைக் கேட்கணும். கண்ணுல வெளிச்சக் கோடு தெரியுற வகை மைக்ரேன் இருந்து, கருத்தடை மாத்திரையும் சாப்பிடுற பெண்கள் அதைக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லணும். சில கருத்தடை மாத்திரைகளோட அது சேர்ந்தா பக்கவாத ஆபத்து கூடும்.

மத்த மருந்துகளையும் ஒளிக்காம சொல்லுங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்காங்க, வெளியில சொல்றதுக்குக் கூச்சம். அதுல சில வகை மாத்திரையோட ட்ரிப்டான் சேரவே கூடாது. வேற சிலதோட டாக்டர் பார்த்துக் கொடுக்கலாம், ஆனா நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மைக்ரேன் வராமல் தடுக்க புரோப்ரனலால் சாப்பிடுறவங்களுக்கு ரிசாட்ரிப்டான் அளவைக் குறைக்கணும். இதெல்லாம் டாக்டரும் மருந்தாளரும் ஒரு நிமிஷத்துல பார்த்துச் சொல்லிடுவாங்க, நாம சொன்னாதான்.

இந்தியாவுல இருந்து கொண்டுவர்ற மாத்திரையைப் பத்தித் தனியா சொல்லணும். திருச்சி, சென்னை போயிட்டு வர்ற சொந்தக்காரங்க பை நிறைய மாத்திரை வாங்கிட்டு வர்றது நம்ம வழக்கம். தமிழ்நாட்டுல பல வருஷமா பிரபலமான வாசோகிரெய்ன் மாத்திரையில எர்கோட்டமின் இருக்கு. நம்ம வீட்டு அலமாரிகள்ல பழைய காஃபர்கோட் இருந்தா அதுலயும் அதேதான். எர்கோட்டமினும் ரத்தக் குழாயைச் சுருக்கும், ட்ரிப்டானும் சுருக்கும். ரெண்டையும் 24 மணி நேரத்துக்குள்ள சேர்த்துப் போடவே கூடாது. காலையில ஒன்னு கேட்கலைன்னு மத்தியானம் இன்னொன்னு போடுறவங்க தயவுசெஞ்சு இந்த வரியை இன்னொரு தடவை படிங்க. அங்கே சுமாட்ரிப்டானோட நாப்ராக்சன் சேர்ந்த மாத்திரையும் விக்கிறாங்க. அது தெரியாம மேல பொன்ஸ்தான் போட்டா வயிறும் சிறுநீரகமும் ரெட்டைச் சுமை தாங்கணும். நம்ம நாட்டு மருந்துப் பெட்டியில "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாம புலனக் குழுவுலயும் ஆன்லைன்லயும் வர்ற மாத்திரையை வாங்காதீங்க.

இனி, டாக்டர் எழுதிக் கொடுத்து, தனக்குன்னு ட்ரிப்டான் வச்சிருக்கிறவங்களுக்கு. நீங்க பயப்பட வேண்டியதில்லை. சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல இது நல்ல மருந்து. பல பேர் செய்யுற தவறு, தாமதம். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், பூஜை முடியட்டும், தீபாராதனை ஆகட்டும்" என்று வாந்தி வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. மைக்ரேன்ல வயிறும் மந்தமாயிடும், விழுங்கினது சீக்கிரம் உள்ளே இறங்காது. இது மைக்ரேன்தான்னு தெரிஞ்சதும், வலி லேசா இருக்கும்போதே போடணும். அதே சமயம், கண்ணுல வெளிச்சக் கோடு தெரியும் கட்டத்துல இல்லை, தலைவலி தொடங்கின பிறகு.

சுமாட்ரிப்டான் வழக்கமா 50 அல்லது 100 மி.கி. மாத்திரை. உங்க டாக்டர் எழுதின அளவுதான் உங்க அளவு. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துல பலன் தெரிய ஆரம்பிக்கும். வலி போயிட்டு, பிறகு திரும்ப வந்தா, முதல் மாத்திரைக்கு குறைஞ்சது 2 மணி நேரம் கழிச்சு இன்னொன்னு போடலாம்னு டாக்டர்கள் சொல்வாங்க. முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்கலைன்னா, அதே தாக்குதலுக்கு இன்னொன்னு போடுறதா வேண்டாமான்னு முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வச்சுக்குங்க. 24 மணி நேரத்துக்கு மொத்தம் எவ்வளவுங்கிற உச்ச அளவையும் எழுதி வாங்கிக்குங்க. வாந்தி அதிகம் வர்றவங்களுக்கு நாக்குல கரையுற வகையும் மூக்குல அடிக்கிற வகையும் உலகத்துல உண்டு. இங்கே எது கிடைக்கும்னு டாக்டர் சொல்வார். சைவம் கடைப்பிடிக்கிறவங்க கவனத்துக்கு, நாக்குல கரையுற வகை சிலதுல ஜெலட்டின் சேர்ப்பாங்க. மருந்தாளரைக் கேட்டு வாங்குங்க.

மாத்திரை போட்டதும் உடம்புல சூடு பரவுற மாதிரி, ஊசி குத்துற மாதிரி, கழுத்தும் நெஞ்சும் இறுக்கின மாதிரி சிலருக்கு இருக்கும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல போயிடும். ஆனா நெஞ்சு வலி பலமா இருந்தா, கைக்கோ தாடைக்கோ பரவினா, மூச்சு வாங்கினா, காத்திருக்காதீங்க, 999 கூப்பிடுங்க. தூக்கம் வரும், தலை சுத்தும், அதனால போட்ட உடனே கார் ஓட்டாதீங்க. கோயில் வாசல்ல நிறுத்தின காருக்குள்ள மாத்திரையை விட்டுட்டு வராதீங்க. வெயில்ல அந்தக் கார் அடுப்பு மாதிரி இருக்கும், மருந்து கெட்டுப்போகும்.

விரதம் இருக்கிறவங்க எங்ககிட்ட அதிகம் கேட்கிற கேள்வி: "மாத்திரை போட்டா விரதம் முறிஞ்சிடுமா?" எங்க கோயில் குருக்களையே கேட்டோம். உடம்புக்கு முடியாதவங்க மருந்து சாப்பிடுறது விரத பங்கம் ஆகாதுன்னு சொன்னார். இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்குங்க. பொன்ஸ்தான் மாதிரி மாத்திரையை வெறும் வயித்துல போட்டா வயிறு புண்ணாகும். சுமாட்ரிப்டானை வெறும் தண்ணியோட போடலாம், சாப்பாடு கட்டாயம் இல்லை. ஆனாலும் பசியே மைக்ரேனைத் தூண்டுதுன்னா, பாலும் பழமும் எடுத்துக்கிற விரதமா மாத்திக்கிறது நல்லது. அம்மன் நம்ம பட்டினியைக் கணக்குப் போட்டு அருள் கொடுக்கிறவள் இல்லை.

மாத்திரை நல்லா கேட்குதுன்னு அடிக்கடி போடுறதுலயும் ஒரு குழி இருக்கு. மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ ட்ரிப்டான் போட்டு, அது மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்தா, மாத்திரையே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். பனடோல், பொன்ஸ்தான் வகைக்கு அந்தக் கணக்கு மாசம் 15 நாள். வலிக்குதுன்னு போடுவோம், போட்டதால வலிக்கும். இதுக்கு வழி ரொம்ப சுலபம். வீட்டுல மாட்டியிருக்கிற கோயில் நாட்காட்டியில, தலைவலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம். "எனக்கு அமாவாசை ஆனா வரும்" என்று சொல்ற ஒரு அக்கா மூணு மாசம் அப்படிக் குறிச்சுப் பார்த்தாங்க. வட்டம் விழுந்தது அமாவாசையில இல்லை, விரதம் இருந்து தூக்கமும் கெட்ட நாட்கள்ல. அந்தத் தாளை டாக்டர்கிட்ட காட்டினதும், வராமல் தடுக்கிற மருந்து தொடங்கினார். மாசத்துல நாலு நாளுக்கு மேல படுக்க வைக்குதுன்னா தடுப்பு மருந்தைப் பத்தி நீங்களும் கேளுங்க. செமினி கவர்மெண்ட் கிளினிக்ல குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே எல்லா மருந்தும் இருக்கும்னு இல்லை, தேவைப்பட்டா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவாங்க.

எந்தத் தலைவலியை மைக்ரேன்னு நினைச்சு உட்கார்ந்திருக்கக் கூடாதுங்கிறதும் தெரியணும். இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போற வலி, வாய் கோணுறது, பேச்சு குழறுறது, ஒரு கை தூக்க முடியாம போறது, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறது, தலையில அடிபட்ட பிறகு வர்ற வலி, 50 வயசுக்கு மேல முதல் தடவையா வர்ற வலி. இதுல எது வந்தாலும் மாத்திரை தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நம்ம கோயில்ல இன்னொன்னையும் கவனிக்கணும். மேளம் உச்சத்துல இருக்கும்போது ஒருத்தர் தடுமாறினா, வார்த்தை குழறினா, அருள் வந்திருக்குன்னு வழிவிட்டு நிப்போம். அருளை நாங்க குறைச்சுப் பேசலை. ஆனா பக்கத்துல போய் முகத்தைப் பாருங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. ஒரு கை விழுந்தா, அது 999 கூப்பிட வேண்டிய நேரம்.

"திருநீறு போதாதா? அப்பர் சுவாமிக்குச் சூலை நோய் தீர்ந்தது எப்படி?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. பெரியபுராணக் கதை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். திருவதிகையில திலகவதியார் தம்பிக்குத் திருநீறு கொடுத்து, கூட்டிட்டுப் போய் இறைவன் முன்னால நிறுத்தினாங்க. நாங்க அந்தக் கதையில அந்த அக்காவையும் பார்க்கிறோம். தம்பி வலியில துடிக்கும்போது தனியா விடலை. நெத்தியில திருநீறு, கையில டாக்டர் கொடுத்த மருந்து, பக்கத்துல ஒரு ஆள். மூணும் சேர்ந்து இருக்கலாம்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தைக் கடைசிக் குறள்ல எப்படி முடிக்கிறார்னு பள்ளியில படிச்சிருப்போம். மருத்துவம்னா நாலு பங்கு: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து கவனிச்சுக் கொடுக்கிறவர். இந்த நாலாவது ஆள்தான் தொண்டர். அதுவும் மருத்துவத்துல ஒரு பங்குதான், சின்ன வேலை இல்லை. ஆனா நாலாவது ஆள் ரெண்டாவது ஆளோட நாற்காலியில உட்காரக் கூடாது. மாத்திரை கைமாத்தும்போது நாம அதைத்தான் செய்யுறோம்.

நாலாவது ஆளா நாங்க என்ன செய்வோம்னு சொல்றோம். இந்த ஆடியிலிருந்து மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற சாமான் அறையைக் காலி பண்ணி, திரை போட்டு, பாய், காத்தாடி, தண்ணி, வாந்திப் பை வச்சிருப்போம். அந்தப் பக்கம் ஒலிபெருக்கி திரும்பாது, சாம்பிராணியும் போகாது. உங்க சொந்த மருந்தை அங்கே நீங்க போட்டுக்கலாம். கூட ஒரு தொண்டர் உட்கார்ந்து, மாத்திரை பேரும் போட்ட நேரமும் ஒரு தாள்ல எழுதி உங்க கையில கொடுப்பார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா அங்கே முதல்ல கேட்கிறது அதைத்தான். விடியற்காலை வேலைக்கு வர்ற தொண்டர்கள் எல்லாருக்கும் ஆறு மணிக்கே இட்லியும் தண்ணியும் தயாரா இருக்கும். விரதம் இருக்கிறவங்களுக்குப் பாலும் பழமும். வீட்டுக்குப் போக வண்டி இல்லாதவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணுவோம்.

நீங்க செய்ய வேண்டியது மூணு. உங்க மாத்திரை, அளவு, மத்த நோய்கள், வீட்டு எண், எல்லாத்தையும் ஒரு சின்ன தாள்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்குங்க. தலை லேசா தொடங்கும்போதே எங்ககிட்ட சொல்லுங்க, "பூஜையைக் கெடுக்கக் கூடாது"ன்னு மறைக்காதீங்க. யாராவது மாத்திரை கேட்டா, கொடுக்காம மேசைக்குக் கூட்டிட்டு வாங்க.

இது பொதுவான தகவல்தான், உங்க டாக்டர் சொல்றதே கடைசி வார்த்தை. வீட்டுல மைக்ரேன் உள்ள அம்மா, அக்கா, தங்கச்சி, மகளுக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. அவங்களைவிட முக்கியமா, "சும்மா தலைவலிதானே" என்று சொல்ற அவங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் அனுப்புங்க. பதிவைப் பகிருங்க, மாத்திரையைப் பகிராதீங்க.

ஆடிக்கு எல்லாரும் வாங்க. அம்மன் துணை.

— கோயில் தொண்டர் குழு, செமினி